கிணறு இல்லாத வரைபடம்

என்னை மக்கள் பிரதிநிதி ஆக்கியது மக்கள் இல்லை. ஜெராக்ஸ் மெஷினுக்குள் பேப்பர் சிக்கி, அதை நான் இழுத்துக்கொண்டிருந்தபோது கடைக்குள் வந்த ஓர் அதிகாரி.

"அம்மா, நீங்க டிகிரி படிச்சிருக்கீங்க. லேடீஸ். பாதிக்கப்பட்ட ஊரு. எங்க ஆபீசுக்கு எதிர்லயே கீறீங்க. உங்கள விட்டா யாரு?" என்றார்.

கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான தகுதி. கையெழுத்து வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டினால் போதும்.

என் கடை வேங்கிக்காலில், ஆபீஸ்களுக்குப் போகிற சாலையில் இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு மனுவும் எழுதித் தருவேன். வீடு அங்கிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். எங்கள் ஊர் எல்லையில் முலாம் பூசும் கம்பெனி ஒன்று இருந்தது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி, சைலன்சர், கதவுப்பிடி என்று எதைக் கொடுத்தாலும் குரோமியம் பூசிக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருவார்கள். ஊரே அந்தப் பளபளப்பைப் பார்த்து வாயைப் பிளந்தது. நானும் பிளந்தேன். பளபளப்பு போக மிச்சமானது எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அது எங்கே போனது என்பது, முதலாளி கம்பெனியைப் பூட்டிக்கொண்டு காணாமல் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு கோடையில் எங்கள் போர் தண்ணீர் மஞ்சளாக வந்தது. வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் பிடித்தால் நன்றாகத் தெரியும். எலுமிச்சம்பழ ஜூஸில் தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்ட மாதிரி ஒரு நிறம். முதலில் துருப்பிடித்த பைப் என்றார்கள். பைப்பை மாற்றினோம். மோட்டார் என்றார்கள். மோட்டாரையும் மாற்றினோம். குளித்தால் தோல் அரித்தது. கீழ்த்தெருவில் ஒரு வீட்டில் இரண்டு மாடுகள் கன்று தங்காமல் போயின. அதற்குப் பிறகுதான் மனு, மறியல், டிவிக்காரர்கள், மேலிடத்து உத்தரவு எல்லாம் வந்தன.

உத்தரவு வந்ததும் எங்கள் ஊர் நிலத்தடி நீரைச் சுத்தம் செய்வதற்கென்று ஒரு திட்டம் வந்தது. என் கடைக்கு எதிரில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்து ஆபீஸ் போட்டார்கள். திட்டத்தின் விதிகளில் ஒன்று, பொதுமக்கள் பங்கேற்பு கட்டாயம் என்றது. பங்கேற்பு இல்லாவிட்டால் அடுத்த கட்டம் நகராது. ஆகவே அவர்களுக்குப் பொதுமக்கள் தேவைப்பட்டார்கள். ஆபீசுக்கு நாற்காலி வாங்கின மாதிரி, மேஜை வாங்கின மாதிரி, என்னையும் வாங்கிக் கமிட்டியில் போட்டார்கள்.

முதல் கூட்டம் ஒரு பௌர்ணமியன்று காலையில், டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எதற்காகப் பௌர்ணமி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் பாதிப் பேர் கிரிவலப் பாதைக்குப் பிழைப்புக்குப் போய்விடுவார்கள். மோர் விற்பவர்கள், அர்ச்சனைத் தட்டு விற்பவர்கள், என் வீட்டுக்காரர் மாதிரி ஆட்டோ ஓட்டுபவர்கள். வயலில் நிற்கிறவர்கள்கூட அன்றைக்கு அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு கடை போட்டுவிடுவார்கள். பஸ் எல்லாம் நிரம்பி வழியும். எங்கள் ஊரிலிருந்து கூட்டத்துக்கு வந்தது மொத்தம் ஒன்பது பேர். அதில் மூன்று பேர் டிபனுக்காக வந்தவர்கள். அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் நேர்மையான காரியத்துக்காக வந்தவர்கள் அவர்கள் மூன்று பேர்தான்.

சென்னையிலிருந்து நிபுணர் வந்திருந்தார். முப்பது வயதுக்குள் இருப்பார். நல்ல துணி, நல்ல ஆங்கிலம். திரையில் எங்கள் ஊர் ஒரு பச்சைக் கட்டமாகத் தெரிந்தது. அதன் மேல், தண்ணீர் போகும் திசை என்று, நீல அம்புக்குறிகள் ஓடின. ஒரு மணி நேரம் அந்த அம்புகளைப் பற்றிப் பேசினார். நடுவில் இரண்டே இரண்டு தமிழ் வார்த்தை வந்தது. ஒன்று "வணக்கம்". மற்றது "நிலத்தடி நீர்". அதையும் தாளைப் பார்த்துத்தான் வாசித்தார். என் கடைக்கு வந்த அந்தத் திட்ட அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வோர் அம்புக்கும் தலையாட்டினார்.

நடுவில் பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அந்தக் கம்பெனியில் தொட்டிப் பிரிவில் பதினோரு வருஷம் வேலை செய்தவர். அமில ஆவி தின்று மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருக்கும் அவருக்கு. பேசும்போது ஒரு விசில் சத்தம் கூடவே வரும்.

"கேள்வி எல்லாம் கடைசியில, பெரியவரே" என்றார் அதிகாரி.

அண்ணன் கையை இறக்கிக்கொண்டார். கடைசியில் நன்றியுரை வந்தது, சால்வை வந்தது, குரூப் போட்டோ வந்தது. கேள்வி நேரம் மட்டும் வரவில்லை. நிபுணரும் கூட வந்தவர்களும் அவசரமாக லாட்ஜுக்குக் கிளம்பினார்கள். குளித்து, வேட்டி மாற்றி, கூட்டம் சேர்வதற்குள் மலை சுற்றக் கிளம்ப வேண்டுமாம். அப்போதுதான் பௌர்ணமியின் ரகசியம் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு நடந்த கூட்டங்களும் பௌர்ணமியன்றுதான் நடந்தன. எங்கள் தண்ணீரில் எது ஓடினாலும் சரி, இவர்கள் புண்ணியம் சேர்ப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணனிடம் கேட்டேன்.

"இன்னா சொல்ல வந்தீங்க அண்ணா?"

"அந்தப் படத்துல கெணறு இல்லம்மா."

"எந்தக் கெணறு?"

"கம்பெனி கட்டறதுக்கு முன்னாடி அது நெலம்தான? வாட்ச்மேன் ரூம் கீது பாரு, அதுக்கு அடியில பெரிய பாசனக் கெணறு. தொட்டி கழுவுற மண்டி எல்லாம் அதுலதான் போச்சி. ரொம்பினதும் மண்ணைப் போட்டு மூடி, மேல ரூம் கட்டிட்டாங்க. அவரு அம்பு உடறாரே, அது எங்கேர்ந்து கெளம்புதுன்னு அவருக்கே தெரியல."

பஸ் வந்தது, ஏறினோம். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. கம்பெனி ஓடிக்கொண்டிருந்த நாட்களில் அவர்களுடைய கடிதங்களை டைப் செய்தது நான்தான். 'எங்கள் ஆலையின் கழிவுநீர் முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்டு, மரங்களுக்குப் பாய்ச்சப்படுகிறது' என்று வருஷா வருஷம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கம்பெனிக்குள் ஒரு மரம் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். தெரிந்தும் அடித்தேன். எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன் என்று பெருமை வேறு. அதிகாரிகளைத் திட்டுகிற இந்த வாய்க்கு அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து, கம்பெனி இருந்த சர்வே எண்ணைப் போட்டு, நிலத்தின் அளவு வரைபடத்தை இணையத்திலிருந்து எடுத்தேன். பட்டா, வில்லங்கம், வரைபடம் எடுத்துத் தருவது என் தினசரி வேலை. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பழைய சர்வேயில் போட்ட கோடுகளுக்கு நடுவே, வடகிழக்கு மூலையில், தெளிவாக ஒரு வட்டம். பக்கத்தில் கிணறு என்றே குறித்திருந்தது. சென்னையிலிருந்து ஏசி காரில் கருவிகளோடு வந்தவர்கள், கம்பெனிக்காரன் கொடுத்த பிளானை வைத்துக்கொண்டு அம்பு வரைந்திருக்கிறார்கள். திருடன் கொடுத்த வீட்டுப் பிளானை வைத்துத் திருட்டைத் தேடின போலீஸ் மாதிரி.

வரைபடத்தையும் ஒரு மனுவையும் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். திட்ட அதிகாரி வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் திருப்பி வைத்தேன்.

"இதெல்லாம் பழைய ரெக்கார்டுமா. நம்மகிட்ட சேட்டிலைட் இமேஜே கீது."

"சேட்டிலைட் ரூமோட கூரையத்தான சார் காட்டும்? அடியில இருக்கறத எப்படிக் காட்டும்?"

"நீங்க நல்லா பேசறீங்க. கமிட்டிக்கு உங்கள மாதிரி ஆளுதான் வேணும்" என்று சிரித்தார். மனு மேல் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதினார். என் வயதில் பாதி மனு எழுதியே போயிருக்கிறது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது கூட்டத்துக்குள் சோதனைப் போர்கள் போட்டுவிட்டார்கள். ஐந்து போர். ஐந்தும் தார் ரோட்டை ஒட்டி. அங்கேதான் போர் லாரி சிரமமில்லாமல் நிற்கும். ரோடு மேட்டில் இருக்கிறது, கம்பெனி பள்ளத்தில் இருக்கிறது, தண்ணீர் பள்ளத்திலிருந்து ஏரிப் பக்கம் போகிறது. மாடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும். மேட்டில் போட்ட போரில் தண்ணீர் சுத்தமாக வந்தது. வராமல் என்ன செய்யும்? நிபுணர் திரையில் ஐந்து பச்சைப் புள்ளிகளைக் காட்டி, மாசு குறைந்துகொண்டே வருகிறது என்றார். கைதட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் தட்டினார்கள். அந்தக் கை அத்தனையிலும் அரிப்புத் தழும்பு இருந்தது.

நான் எழுந்து, போர் எல்லாம் மேல்பக்கம் இருக்கிறதே என்றேன்.

"மேடம், மாடல்ல எல்லாம் கணக்கு பண்ணியாச்சு" என்றார் நிபுணர்.

அதோடு முடிந்தது. திரும்பி வரும்போது எங்கள் ஊர் ஆள் ஒருவரே என்னிடம், "நல்லா போயிட்டு இருக்கறதுல நீ எதுக்குக் குட்டையக் கொழப்புற? தண்ணி லாரி விடறதயும் நிறுத்திட்டா இன்னா பண்றது?" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. புரிந்ததனால் எரிச்சல் குறைந்துவிடவில்லை. தினம் ஒரு லாரித் தண்ணீரைக் காட்டி ஓர் ஊரின் வாயை அடைத்துவிடலாம் என்று அந்த மாடி ஆபீசுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

மூன்றாவது கூட்டம் ஒரு வியாழக்கிழமை. அந்த வாரம் திங்கட்கிழமை மத்தியானம் எதிர் ஆபீஸ் கிளார்க் கையில் நான்கு தாளோடு கடைக்கு வந்தான். அவர்களுடைய கம்ப்யூட்டர் பழுதாம்.

"அக்கா, இத கொஞ்சம் அடிச்சிக் குடுங்க. அர்ஜென்ட்."

வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது பொதுமக்கள் பங்கேற்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. வியாழக்கிழமை தேதி போட்டிருந்தது.

"தம்பி, கூட்டமே இன்னும் நடக்கலியே?"

"அன்னிக்கு சென்னை ஆளுங்க எல்லாம் மலை சுத்தப் போயிடுவாங்க அக்கா. அப்புறம் கையெழுத்து வாங்க முடியல. முன்னாடியே ரெடியா இருந்தா டீ குடிக்கறப்பவே வாங்கிடலாம்னு சார் சொன்னாரு."

ஒளிக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. நான் படித்துக்கொண்டே போனேன். யார் எப்போது எழுந்து என்ன பேசினார்கள் என்று எல்லாம் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் நான் வந்தேன். 'பொதுமக்கள் பிரதிநிதி அவர்கள் திட்டப் பணிகள் குறித்து முழுத் திருப்தி தெரிவித்து, அதிகாரிகளுக்குக் கிராம மக்கள் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்தார்.'

என் நன்றியை எழுதி, அதை என்னையே டைப் அடிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இதில் என்னை ஏமாற்றுகிற எண்ணம்கூடக் கிடையாது. அந்தப் பிரதிநிதியும் இந்த ஜெராக்ஸ்காரியும் ஒரே ஆள் என்பதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை.

"நாளைக்கு வாங்கிக்கோ" என்றேன். அவன் கையெழுத்தில் இருந்த தாள்களை நான் பிறகும் திருப்பித் தரவில்லை. அவனும் கேட்கவில்லை.

சாயங்காலம் கடையை மூடும் முன் அடித்தேன். எல்லாவற்றையும் அவர்கள் எழுதின மாதிரியே அடித்தேன், மூன்றாம் பக்கத்தைத் தவிர. என் நன்றியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் நான்காவது தீர்மானம் என்று போட்டு எழுதினேன்: 'தொழிற்சாலை வளாகத்தில் காவலாளி அறை உள்ள இடத்தில் பாசனக் கிணறு இருந்ததையும், அதில் ஆலைக் கழிவு கொட்டி மூடப்பட்டதையும் பொதுமக்கள் பிரதிநிதி நில வரைபடத்துடன் எடுத்துரைத்தார். அவ்விடத்தைத் தோண்டி ஆய்வு செய்யக் கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது.' வரைபடத்தை இணைப்பாகச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தேன்.

பொய்யாக இருக்கக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன். வியாழக்கிழமை கூட்டத்தில், டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், எழுந்து நின்று அதே வாசகத்தை ஒரு வார்த்தை மாறாமல் படித்தேன். கையில் வரைபடத்தைத் தூக்கிக் காட்டினேன். திட்ட அதிகாரி போனில் யாருக்கோ லாட்ஜ் ரூம் சொல்லிக்கொண்டிருந்தார். நிபுணர் லேப்டாப்பை மூடி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இந்த எடத்தத் தோண்டிப் பாக்கணும்னு தீர்மானம் போடறோம். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க" என்றேன்.

யாரும் சொல்லவில்லை. பின்வரிசையில் அண்ணன் மட்டும் "ஆட்சேபண இல்ல" என்று சத்தமாகச் சொன்னார், விசிலோடு. டீயும் சமோசாவும் வந்தன. கிளார்க் தாள்களை நீட்டினான். ஒருவர் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டி, கோடு போட்ட இடத்தில். ஒருத்தராவது மூன்றாம் பக்கத்தைப் பார்த்திருந்தால் எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்.

ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்துத் திட்ட அதிகாரி என் கடைக்கு வந்தார். முகம் கருத்திருந்தது. நான்காவது தீர்மானத்தின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அங்கே எவரோ ஒருவர், படிப்பதற்காகவே சம்பளம் வாங்கி உண்மையிலேயே படிக்கிறவர், இருந்திருக்கிறார்.

"இத எப்பம்மா பேசினோம்?"

"நான் எழுந்து நின்னு படிச்சேன் சார். நீங்க போன்ல இருந்தீங்க."

"நீங்களா சேத்துட்டீங்க. இது ஃபோர்ஜரி, தெரியுமா?"

மேஜை இழுப்பறையைத் திறந்தேன்.

"அப்ப அப்படியே எழுதுங்க சார். கூட்டம் நடக்கறதுக்கு மூணு நாள் முன்னாடியே மினிட்ஸ் எழுதி டைப்புக்கு அனுப்பினோம், அதுல இந்தம்மா சேத்துட்டாங்கன்னு. உங்க ஆபீஸ் ஒரிஜினல் எங்கிட்டதான் கீது. இணைப்பா வெச்சிடலாம். நானே அடிச்சித் தரேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அவருக்கு எதிரில் ஒரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கடிதத்தை மடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார்.

அடுத்த வாரம் ஜேசிபி வந்தது. வாட்ச்மேன் ரூமை இடித்து, தளத்தை உடைத்து, ஆறடி மண்ணை எடுத்தார்கள். அதற்குக் கீழே மஞ்சளும் பச்சையும் கலந்து, களிமண் மாதிரி, ஈரமாக இருந்தது. தொண்டையில் உலோகக் காசு வைத்த மாதிரி ஒரு காரல். வேலைக்கு வந்தவர்கள் துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டார்கள். நிபுணர் குனிந்து பார்த்து, யாரிடம் என்றில்லாமல் "ஓ மை காட்" என்றார். வாளியால் அள்ளலாம் போல இருந்தது. ஏரி வரைக்கும் எங்கள் ஊர் இத்தனை வருஷம் குடித்தது அதைத்தான்.

ஒரு மணி நேரத்தில் திட்ட அதிகாரி சமாளித்துக்கொண்டார். பேனர் வந்துவிட்டது. 'மக்கள் பங்கேற்பால் கிடைத்த மகத்தான வெற்றி' என்று. எப்போது அடித்து வைத்தார்களோ தெரியவில்லை. பத்திரிகைக்காரர்கள் முன்னால், திட்டத்தின் விஞ்ஞானபூர்வமான அணுகுமுறையால் இந்த இடம் கண்டுபிடிக்கப்பட்டது என்று பேசினார். நிபுணரின் அம்புகளுக்கும் ஒரு நன்றி. பிறகு, ஜேசிபிக்கு இடத்தைக் காட்டிய அண்ணனின் தோளில் கைபோட்டு கேமரா பக்கம் திருப்பினார்.

"தகவல் குடுத்த பொதுமகன் இவருதான். சிரிங்க பெரியவரே."

அண்ணன் அவர் கையை எடுத்துவிட்டார்.

"தகவல் குடுத்தது மட்டும் இல்ல சார். ஊத்தினதும் நான்தான். பதினோரு வருஷம் தள்ளுவண்டியில கொண்டாந்து கொண்டாந்து ஊத்தினேன். மொதலாளி சொன்னாரு, ஊத்தினேன். எம்பொண்டாட்டி இந்தத் தண்ணியிலதான் சோறு ஆக்கினா. அதயும் பேனர்ல போடுங்க."

கேமராவை இறக்கிவிட்டார்கள். அந்த வாக்கியம் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். 'மரங்களுக்குப் பாய்ச்சப்படுகிறது' என்று நான் அடித்ததை அன்றைக்கு அவரிடம் சொன்னேன். "தெரியும்மா. நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்களே, உன் கடை சீலு இருக்கும்ல அதுல" என்றார். அவ்வளவு நாளும் தெரிந்தே என்னோடு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார்.

மண்டியைத் தார்ப்பாய் மூடிய லாரிகளில் ஏற்றி, அதற்கென்று உள்ள கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். அதற்கே நாலு மாசம் ஆனது. கிணற்றைச் சுற்றிப் பள்ளத்துப் பக்கம் புது போர்கள் போட்டு, தண்ணீரை மேலே இழுத்துச் சுத்தம் செய்கிற ஒரு ஷெட்டும் கட்டினார்கள். திட்ட அதிகாரிக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது, பதவி உயர்வில் வேறு மாவட்டத்துக்குப் போனார். நிபுணர் எங்கள் ஊரை வைத்து எங்கேயோ ஒரு மாநாட்டில் பேசினாராம். கிளார்க்தான் பெருமையாக வந்து சொன்னான். கமிட்டியைக் கலைக்கவில்லை, கூட்டவும் இல்லை. நான் இன்னும் மக்கள் பிரதிநிதிதான், காகிதத்தில்.

தண்ணீரின் நிறம் கம்மியாகியிருக்கிறது. போகவில்லை. குடிக்க இன்னும் லாரிதான். சுத்தமாக எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். எந்தக் கணக்கையும் நான் நம்புவதில்லை. ஷெட்டில் இருக்கிற மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும் என்பது மட்டும் தெரியும். பார்வையிட யாராவது வருகிற நாளில் அது தவறாமல் ஓடும். மற்ற நாளில் ஃபியூஸ், பெல்ட், ஆள் வரவில்லை என்று ஏதாவது ஒன்று.

அண்ணன் தினம் காலையில் டீ குடித்துவிட்டு அந்த ஷெட் பக்கம் போய் வெளியே கல்லில் உட்காருகிறார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. உள்ளே சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறார். கேட்டால் வீட்டுக்குப் போகிறார். கேட்காவிட்டால் எனக்குப் போன். நான் எதிர் மாடிக்குப் போன் செய்வேன். எடுக்காவிட்டால் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாடி ஏறுவேன். என் தலையைப் பார்த்ததும் இப்போது இருக்கிற அதிகாரி ஆளை அனுப்புகிறேன் என்று எழுந்து நின்றுவிடுகிறார். மரியாதையால் இல்லை. மினிட்ஸ் புக் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதால்.

நேற்றுக் காலையும் மோட்டார் நின்றிருந்தது. மூன்றாவது தடவை போனை எடுத்தார்கள். பத்தரை மணிக்கு ஓட ஆரம்பித்துவிட்டது என்று அண்ணன் சொன்னார்.